ஒரு முறம் கீரை யார் வாயில் போனது

இரத்தப் பரிசோதனை முடிவு பத்து மணிக்கு வந்துவிடும் என்றார்கள். இப்போது பதினொன்றே கால். பரிசோதனைக்கூடத்துக்கு இரண்டு தடவை பேசிவிட்டேன். இரண்டாவது தடவை எடுத்த பெண், “ப்ராசஸ்ல இருக்கும்மா” என்றாள். முப்பத்து மூன்று வருடம் வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து நான் பிறருக்குச் சொன்ன பதில் அது. அதன் பொருள் எனக்குத் தெரியும். ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒன்றின் அடியில் கிடக்கிறது.

இரத்தம் என்னுடையதல்ல, அம்மாவுடையது. எண்பத்து நாலு வயதில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. இரத்தம் குறைவாக இருக்கலாம், பார்த்துவிடுவோம், அதுவரை கீரை கொடுங்கள் என்றார் டாக்டர். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குச் சொன்னேன். உடனே ஒரு வீடியோ அனுப்பினான். அந்த ஊரில் ஒரு கீரையாம். முட்டைக்கோஸ் சாதிதானாம், ஆனால் உருண்டை கட்டாதாம். இலை ஒவ்வொன்றும் பனைவிசிறி அளவுக்கு இருக்கிறது. அதை இறைச்சித் துண்டோடு சேர்த்து இரண்டு மணி நேரம் வேக வைக்கிறார்கள். இராமநாதபுரத்தில் அதற்கு நான் எங்கே போவேன்? வாசல் முருங்கையில் இரண்டு கொத்து ஒடித்து அம்மா முன்னால் போட்டேன். அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உருவிக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து போய் அவளைப் பார்ப்பதும், திரும்பி வந்து இதை எழுதுவதுமாக இருக்கிறேன். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் மூன்றாவது தடவையும் போன் செய்துவிடுவேன்.

நம் ஓய்வூதியர் குழுவில் தினமும் யாராவது ஒருவர் கீரைச் செய்முறை அனுப்பிவிடுகிறீர்கள். கூட்டு, கடைசல், மசியல், சூப்பு. எல்லாவற்றையும் படிக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் செய்முறைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் ‘கீரையை ஆய்ந்து சுத்தம் செய்து’ என்று தொடங்குகின்றன, ‘சூடாகப் பரிமாறவும்’ என்று முடிகின்றன. யாருக்குப் பரிமாறவும் என்று ஒன்றிலும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்களுக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். கண்மாய்த் தண்ணீரும் நெல்லும் பார்த்து வளர்ந்தவர்கள். அப்பாவை அய்யா என்போம். அய்யா தலைமையாசிரியர். அந்த வருடம் திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தோம். பள்ளிக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் உவர் தரை, அதற்கப்பால் கடல். காற்று எப்போதும் கருவாட்டு வாசனையோடு வரும். அய்யாவின் அக்கா, கணவரை இழந்தவள், எங்களோடு இருந்தாள். அடுப்படி அவள் பொறுப்பில் இருந்தது. அம்மா ஐந்து மாதக் கர்ப்பம்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் ஒரு நர்ஸம்மா வருவார். கறுப்புக் குடை, தோல் பை. தை மாதத்தில் முதல் தடவை வந்தவர் அம்மாவை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துவந்து, கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அய்யாவைக் கூப்பிட்டார்.

“சார், இந்தக் கண்ணப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. இவுகளுக்கு ஒடம்புல ரெத்தமே இல்ல. இப்படியே வலி எடுத்துச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

அய்யா குனிந்து பார்த்தார். அத்தை பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு நானும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு நர்ஸம்மா என் இமையையும் இழுத்தார். விரலில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அம்மாவின் இமை இன்னும் இறங்காமல் நிற்பதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் கடற்கரைத் தெருவில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். அவளைக் கொண்டுபோனதை நாங்கள் பள்ளி ஜன்னலில் பார்த்திருந்தோம். நர்ஸம்மா போனதும் அத்தையிடம் கேட்டேன், அம்மாவும் அப்படிச் செத்துப்போகுமா என்று. அத்தை என் வாயில் ஓங்கி ஓர் அடி போட்டாள். அப்படித்தான் ஆகும் என்று தெரிந்துகொண்டேன்.

நர்ஸம்மா மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விழுங்கிய கால் மணி நேரத்தில் அம்மா வாந்தி எடுத்தாள். சூட்டு மாத்திரை, பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று சொல்லி அத்தை அதைப் பரண்மேல் வைத்தாள். மிஞ்சியது நர்ஸம்மா சொன்ன இன்னொரு வழி. தினமும் கீரை.

முதலில் வந்தது உமரி. வீட்டுக்குப் பின்னால் உவர் தரையில் தானாக முளைத்துக் கிடக்கும். குட்டிக் குட்டியாகத் தடித்த இலை, பச்சையாகக் கடித்தாலே உப்புக் கரிக்கும். எங்களுக்கு அதைத் தின்னலாம் என்றே தெரியாது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா சொல்லிக்கொடுத்தாள், லாத்தா என்று கூப்பிடுவோம். வேகவைத்து அந்த உப்புத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், மறுபடி வேகவைத்து மறுபடி கொட்ட வேண்டும், பிறகு பிழிந்தெடுத்துப் பருப்பும் தேங்காயும் போட வேண்டும், உப்பு மட்டும் போடவே கூடாது. அத்தை பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். வெயில் ஏற ஏற உமரிச் செடி சிவக்கும். அது சிவக்கச் சிவக்க அம்மாவுக்கும் இரத்தம் ஊறும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அம்மா ஒரு வாய் தின்றாள், கடலைக் குடித்த மாதிரி இருக்கிறது என்று எழுந்து போனாள்.

அடுத்தது முருங்கைக்கீரை. இங்கேதான் அத்தை ஒரு காரியம் செய்தாள். கடற்கரைக்கு வந்தால் கீரையை அவித்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று அவள் உமரியில் படித்துக்கொண்ட பாடத்தை எல்லாக் கீரைக்கும் சட்டமாக்கிவிட்டாள். ஊரில் இருந்தவரை கீரைத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் ரசம் வைத்தவள், இங்கே ஒவ்வொரு நாளும் பச்சைப் பசேல் என்ற தண்ணீரை இரண்டு தடவை வடித்து, முருங்கை மரத்து மூட்டிலேயே கொண்டுபோய் ஊற்றினாள். அந்த மரத்துக்கு இரத்தக் குறைவே வந்திருக்காது. வடித்த கீரையில் மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டுத் தேங்காய் தூவி வதக்குவாள். அந்தத் தாளிப்பு வாசனைக்கே அம்மா கொல்லைப்பக்கம் ஓடுவாள்.

பிறகு அரிசி களைந்த தண்ணீரில் கீரைச்சாறு. பிறகு மண்சட்டியில் போட்டு மத்தால் கடைந்த கீரை. அந்தச் சட்டிக்கு ஒரு பக்கம் வாய் நெளிந்திருக்கும். அங்கே வழித்து வழித்து என் விரல் பதிந்திருக்கும். பல வீடு மாறியதில் எங்கோ உடைந்துபோனது.

அம்மாவுக்கு எந்தக் கீரையும் இறங்கவில்லை என்ற செய்தி லாத்தாவுக்கும் போனது. அவள் ஒரு மதியம் நீல விளிம்புப் பீங்கான் கிண்ணத்தில் முருங்கைக்கீரை ஆணம் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பால் விட்டு, காய்ந்த கூனி இறாலை வறுத்து நுணுக்கிப் போட்ட குழம்பு. அவள் வீட்டில் யாரும் தண்ணீரை வடிப்பதில்லை. “தங்கச்சி, நம்ம ஊட்டு ஆணத்த ஒரு வாயி வச்சுப் பாரு. அல்லா லேசாக்குவான்” என்று அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா முகர்ந்து பார்த்தாள். அவளுக்குக் குமட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாக்கில் தண்ணீர் ஊறியதுகூட எனக்குத் தெரிந்தது.

அந்தக் கிண்ணத்துக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். அத்தை வாங்கி உப்புப் பார்த்தாள். உறைப்புப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகுமா என்று மூன்றாவது தடவையும் பார்த்தாள். பிறகு அய்யா பள்ளியிலிருந்து சாப்பிட வந்தார். ஆண்பிள்ளைக்கு முன்னால் வீட்டுப் பெண் சாப்பிடக் கூடாது, எனவே கிண்ணம் அவருக்குப் போனது. அவர் சாப்பிட்ட தட்டில்தான் அம்மா சாப்பிடுவாள். அந்தக் காலத்து மனைவி கணவனின் மிச்சத்தைத் தின்பது வழக்கம், கணவன் கொஞ்சம் மிச்சம் வைப்பதும் வழக்கம். ஆனால் எங்கள் அய்யா தலைமையாசிரியர். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பவன் நாட்டுக்குத் துரோகி என்று தினமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர். சொன்னபடி நடக்கிறவர். தட்டைத் துடைத்துவைத்துவிட்டு எழுந்தார். ஒரு வழக்கமும் ஒரு கொள்கையும் மோதிக்கொண்டதில் அம்மாவுக்குக் கிண்ணத்தின் அடியில் இரண்டு கரண்டி மிஞ்சியது. அதில் ஒரு கரண்டியை அவள் என் வாயில் ஊட்டினாள்.

கீரை வேறு எதையும்போல அல்ல, உங்களுக்குத் தெரியும். ஒரு முறம் நிறைய ஆய்ந்தால் சட்டியில் ஓர் உள்ளங்கை அளவுக்கு அடங்கிவிடும். ராத்திரியில் கீரை ஆகாது என்பதால் மதியம் ஒரு வேளைதான். அந்த உள்ளங்கை அளவு, கடைசியாகச் சாப்பிடுகிறவளிடம் வந்து சேரும்போது என்ன இருக்கும்? நான் பிற்காலத்தில் எத்தனையோ நிவாரணப் பட்டியல் தயாரித்திருக்கிறேன். ஒவ்வொரு மேசையிலும் யாரும் திருடாமலே, உரியவரிடம் போகும்போது ஒன்றுமில்லாமல் போவது எப்படி என்பதை அலுவலகத்தில் நான் கற்றுக்கொள்ளவில்லை.

கொஞ்சம் இருங்கள். போன் அடிக்கிறது.

தம்பிதான். முடிவு வந்ததா என்று கேட்டான். வரவில்லை என்றேன். அந்த வீடியோவில் வந்த இலைக்குப் பதில் கோஸின் மேல் இலையைப் போடலாமாம். சரி என்று வைத்துவிட்டேன்.

கடைசியாக அய்யா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கிருந்தோ ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்து அத்தைக்கு வாசித்துக் காட்டினார். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையை உதிர்த்துப் போட்டு, வெங்காயம் அரிந்து போட்டு அடை தட்டுவது. வடிக்கிற வேலையே இல்லை. அத்தைக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது, என்றாலும் தட்டினாள். ஓரம் மொறுமொறுவென்று வெந்து, நடுவில் இலை பச்சையாகவே தெரியும். அம்மாவுக்கு அது குமட்டவில்லை. ஆளுக்கு ஓர் அடை. எண்ணிக்கை உள்ள பொருள் என்பதால் அம்மாவின் பங்கு அம்மாவுக்கே வந்தது. முதல்முறையாக முறையான விநியோகம்.

அதையும் அவள் பாதியாகப் பிய்த்து எனக்குத் தந்தாள். பிறகு மீதியில் பாதி. கொல்லைக் கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் நின்று தின்போம். “தின்னுத்தா, ஒனக்குத்தேன் இது பிடிக்குமே” என்பாள். பிடித்தது. இன்றைக்கும் அந்த ருசி எனக்கு நாக்கில் இருக்கிறது. தின்றுகொண்டே அவள் கண்ணைப் பார்ப்பேன், சிவந்திருக்கிறதா என்று. காலையில் அவள் எனக்குச் சடை போடும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். தலையில் குட்டுவாள். பள்ளியில் இருக்க முடியாது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வீட்டுக்கு ஓடிவந்து அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவேன்.

இரண்டாவது தடவை வந்த நர்ஸம்மா இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது தடவை வந்தபோதும் அதே சுண்ணாம்பு. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கீரை ஆக்குகிறீர்களா இல்லையா என்று கேட்டார். அத்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் ஒரு முறம் கீரை ஆய்ந்து விரலெல்லாம் பச்சை ஏறிக் கிடக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினாள்.

நர்ஸம்மா அந்தக் கையைப் பார்க்கவில்லை. “நீங்க இங்கன வாங்க” என்று அத்தையை வெளிச்சத்துக்கு இழுத்து அவள் இமையை இறக்கினார். பிறகு அய்யாவைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். ஊருக்கெல்லாம் பிரம்பைக் காட்டிய தலைமையாசிரியர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசோதனைக்கு வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல நின்றார். கடைசியில் நான்.

“எல்லாரும் நல்லா தக்காளிப் பழமாட்டம் இருக்கீக. இந்தா, இவளுக்குக்கூட ஏறிருச்சு. கீர போன எடம் தெரிஞ்சுபோச்சு சார்.”

அய்யா முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரத்தில் அம்மா மட்டும் லேசாகச் சிரித்தாள். சாகப் போகிறவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நர்ஸம்மா உத்தரவு போட்டார். இனி முதல் பந்தி இவளுக்கு. கீரைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. பரண்மேல் இருக்கும் மாத்திரையை இறக்கி, வெறும் வயிற்றில் இல்லாமல் சோற்றுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். “நீங்க முன்னால உக்காந்து சாப்பிட வைங்க சார். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்.”

கணவனுக்கு முன்னால் சாப்பிட அம்மாவுக்குக் கூச்சம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அய்யாவுக்கும் கூச்சம். உத்தரவையும் மீற முடியாது. அவர் ஒரு நடைமுறை வகுத்தார். அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பின்னால் அம்மா சாப்பிட வேண்டும். முடிந்ததா என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். இல்லை என்று அம்மா அவர் முதுகைப் பார்த்துச் சொல்வாள். பசியோடு ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியைவிடப் பெரிய அன்பை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

முதல் நாள், அவர் திரும்பியிருந்த தைரியத்தில், அம்மா ஓர் உருண்டை உருட்டி என் பக்கம் நீட்டினாள். வாசனை மூக்கில் ஏறியது. நர்ஸம்மா சொன்னது காதில் இருந்தது. கீரை போன இடங்களில் ஒன்று நான்.

“எனக்குக் கீர பிடிக்காது” என்றேன்.

“நேத்து வரைக்கும் தின்ன?”

“இன்னிக்குப் பிடிக்கல. கொமட்டுது.”

அவள் கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளே அதைத் தின்றாள். மறுநாளும் நீட்டினாள். மறுநாளும் குமட்டியது. நான்காம் நாள் நீட்டுவதை விட்டாள்.

வைகாசியில் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு நிறைய இரத்தம் போனது, ஆனால் தாங்கினாள். கீரை காப்பாற்றியதா, மாத்திரை காப்பாற்றியதா, எனக்குத் தெரியாது. நான் காப்பாற்றினேன் என்று மட்டும் எனக்குள் ஒரு பதிவு உண்டு. கீரை பிடிக்காது என்ற அந்தப் பொய்யை விட முடியவில்லை. விட்டால் ஏன் சொன்னாய் என்று கேட்பார்கள். விடுதியில் கீரை ஆகாதவள், புகுந்த வீட்டில் கீரை ஆகாதவள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அலுவலகத்தில் தின்றேன். உங்களில் சிலருடைய டிபன் பாக்ஸில் கீரை குறைந்ததற்கு நானே பொறுப்பு. இதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா கூப்பிடுகிறாள். உருவி முடித்துவிட்டாள் போலிருக்கிறது.

*

மூன்று மணி. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. குறைவுதான், பயப்படும் அளவுக்கு இல்லை, மாத்திரை எழுதுகிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதியம் நடந்ததை எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

கீரையைப் பருப்போடு கடைந்தேன், தண்ணீரை வடிக்காமல். அம்மாவுக்கு முதலில் தட்டு வைத்தேன். இந்த வீட்டில் அது என் விதி. அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஒனக்கு?”

“எனக்குத்தான் கீரை பிடிக்காதே” என்றேன், ஐம்பத்தைந்து வருடப் பழக்கத்தில்.

“ஆமா. இன்னும் அதவே சொல்லு” என்றாள். அவள் சிரித்தபோது கீழ்ப்பல் ஒன்று மட்டும் தெரிந்தது. “பொய்யின்னு அன்னைக்கே தெரியும்த்தா. நீ பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னது எனக்குத் தெரியாதா?”

தெரிந்தும் ஏன் மூன்று நாள் நீட்டினாய், சாகக் கிடந்தவள் வாய்க்குள் போனதைப் பிடுங்கி எனக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். இத்தனை வருடமாக அதை அவளுடைய அறியாமை என்றுதான் நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

“அந்த நர்ஸம்மா மொத நா ஒன் கண்ணையும் இழுத்துப் பாத்துச்சே. இவளும் வெளுத்துத்தேன் இருக்கா, இவளுக்கும் கீர குடுங்கன்னு சொல்லுச்சு. எல்லாரும் என் கண்ணவே பாத்துக்கிட்டு இருந்தாக. ஒன் கண்ண யாரு பாத்தா?”

கோப்பில் இந்த ஒரு தாள் இல்லாமல்தான் நான் அத்தனை வருடமும் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். இவளுக்குக்கூட ஏறிருச்சு என்று நர்ஸம்மா சொன்னபோது அவள் எதற்குச் சிரித்தாள் என்பது இன்று மதியம்தான் எனக்குத் தெரியும்.

அவள் கையை நீட்டி, கீரைக்கறை பிடித்த கட்டைவிரலால் என் கண்ணிமையை இழுத்தாள். அவளுக்குப் பார்வை அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். “போயி ஒரு தட்டு எடுத்துட்டு வா” என்றாள்.

எடுத்து வந்தேன். அவள் தட்டில் இரண்டு கரண்டி, என் தட்டில் இரண்டு கரண்டி. அளந்துதான் போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். நீ சாப்பிடு என்றேன். நீ மொதல்ல வாய்ல வையி, பாத்துட்டுச் சாப்பிடுறேன் என்றாள். யார் முதலில் என்பதற்கு எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் வழி இல்லை. இரண்டு பேரும் அசையாமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கீரை ஆறிக்கொண்டிருந்தது.